சித்தப்பாவுக்கு, அந்தக் கிழங்கு பற்றி

அன்புள்ள சித்தப்பா,

'சிதைவுகள்' என்ற நைஜீரிய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை வாசித்து முடித்த அன்று போனில் உங்கள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "சபை போய்த்தான் அந்தச் சனத்தைக் கெடுத்ததுங்கிறானா? அப்போ உங்க தாத்தா ஊர் ஊராப் போனதெல்லாம்?" என்று கேட்டீர்கள். உபதேசியார் மகனுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் அந்த நாவலை எழுதிய சினுவா அச்சிபியும் உபதேசியார் மகன்தான். அதுவும் திருநெல்வேலிக்கு வந்த அதே சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன் சங்கம். 1930இல் பிறந்த அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஆல்பர்ட். நமக்குப் பங்காளி முறை ஆகிறது!

நீங்கள் வாசிக்க வேண்டியது அவருடைய இன்னொரு நாவல், 1964இல் வந்த 'ஆரோ ஆஃப் காட்'. இதில் வருவது போன்ற சண்டைகளையெல்லாம் இனக்குழு மோதல் என்கிறார்கள். உள்ளே போனால் வரப்புத் தகராறு. உமுவாரோ, ஒக்பெரி இரண்டும் நைஜீரியாவில் இக்போ மொழி பேசும் ஊர்கள். கொண்டு கொடுத்த சம்பந்தம் உண்டு. ஒரு துண்டு நிலத்துக்காக உமுவாரோவிலிருந்து தூது போகிறான் அகுகாலியா. அவன் தாய் பிறந்த ஊரே ஒக்பெரிதான். பேச்சு தடிக்கிறது. ஒக்பெரிக்காரன் ஒருவன் அவனை ஆண்மையில்லாதவன் என்று ஏசிவிட, அகுகாலியா அந்த ஆளின் வீட்டுக்குள் பாய்ந்து இகெங்காவை எடுத்து இரண்டாகப் பிளக்கிறான். இகெங்கா ஓர் ஆணின் பலத்துக்கும் குலத்துக்கும் சாட்சியாக வீட்டில் வைத்துக் கும்பிடும் மரச்சிற்பம். வீட்டுக்காரன் துப்பாக்கியை எடுத்துவிட்டான். தூது போனவன் பிணமாகத்தான் திரும்பினான்.

சண்டையை நிறுத்தியவன் வெள்ளைக்கார அதிகாரி விண்டர்பாட்டம். நிலம் ஒக்பெரிக்கு என்று தீர்ப்பு. உமுவாரோவின் உலு தெய்வத்துக்குப் பூசாரியான எஸெயூலு மட்டும், நிலம் நம்முடையதில்லை என்று உண்மையைச் சொன்னான். சொந்த ஊர்க்காரன் அதை மன்னிப்பானா? இந்த விரிசலில் சபைக்கு ஒரு வேலையும் இல்லை, கவனியுங்கள்.

அப்புறம் அதே எஸெயூலு தன் மகன் ஒடுச்சேயைச் சபைக்கு அனுப்புகிறான், அங்கே தனக்கு ஒரு கண்ணாக இருக்கட்டும் என்று. பையன் போன வேகத்தில் புனிதமான மலைப்பாம்பைக் கொல்லக் கிளம்புகிறான். அடிக்கக் கை வரவில்லை. பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டால் தானாகச் செத்துப்போகும், கொன்ற பழியும் வராது என்று கணக்குப் போடுகிறான். பூட்டிய பெட்டி ஆடுகிறது, வீடே கூடிவிடுகிறது. அந்த இடத்தில் சிரித்துவிட்டு உடனே வெட்கப்பட்டேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளையின் மனசு அப்படியே இருக்கிறது.

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் 'தி ரிவர் பிட்வீன்' (1965) நாவலிலும் கமெனோ, மகுயு என்ற இரண்டு மலைமுகடுகள் ஆதியிலிருந்தே முறைத்துக்கொண்டு நிற்பவை. சபை வந்து மகுயுவில் காலூன்றியதும் பழைய பகைக்குப் புதுப் பெயர் கிடைக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

எஸெயூலுவின் கதை கிழங்கில் முடிகிறது. யாம் என்பது நம் பெருவள்ளிக்கு உறவு. ஒவ்வொரு பிறை கண்டதும் பூசாரி ஒரு புனிதக் கிழங்கைத் தின்ன வேண்டும். அவை தீர்ந்தால்தான் புதுக்கிழங்குப் பண்டிகை, அதன் பிறகே அறுவடை. அதிகாரி கொடுத்த தலைவர் பதவியை மறுத்ததற்காக அவனை ஒக்பெரியில் அடைத்து வைத்ததில் இரண்டு பிறைகள் தவறிப்போயின. ஊர் கெஞ்சியும் மீதிக் கிழங்குகளைத் தின்ன மறுக்கிறான். விளைந்தது மண்ணுக்குள் கிடக்கிறது, வீட்டில் பசி.

அப்போதுதான் உபதேசியார் குட்கண்ட்ரி அறிவிக்கிறார்: ஒரு கிழங்கைச் சபையின் அறுப்புப் பண்டிகைக்குக் கொண்டுவந்து படைத்துவிட்டுத் தோண்டுங்கள், உலு உங்களைத் தொடாது.

எனக்கு நம் கோயில் முற்றம் கண்முன் வந்தது. அறுப்பின் பண்டிகை, கால் கட்டிய சேவல், பூசணி, வாழைத்தார், நீங்கள் மைக் பிடித்து ஏலம் விட்டது. அந்த வாழைத்தார் சந்தோஷத்தில் வந்தது. உமுவாரோக்காரன் மகன் கையில் கிழங்கைக் கொடுத்தனுப்பியது பயத்தில். அதன்பின் அவன் வயலில் தோண்டிய ஒவ்வொரு கிழங்கும் மகன் பெயரில்தான் என்று அச்சிபி முடிக்கிறார். உபதேசியாரைத் திட்டவும் என்னால் முடியவில்லை. பசித்தவனுக்கு ஒரு வழி காட்டினார். அந்த வழியில் தனக்கு ஆளும் சேர்த்துக்கொண்டார். கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டவர்கள், அந்தத் துண்டு நிலத்துக்காகத் தங்களுக்குள் பிரிந்து நின்றவர்கள்தான்.

பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது புத்தகத்தை எடுத்து வருகிறேன். ஆங்கிலம்தான். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் நான் வாசித்துச் சொல்கிறேன், நீங்கள் குறுக்கே குறுக்கே சண்டை போடலாம். சித்தியிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்