டேப் (டேப்லெட்) இருக்கிறது, அதை வைக்க ஒரு பீரோ வேண்டும்

நம் பள்ளியில் படித்துவிட்டு கோவை, திருப்பூர், பெங்களூரு என்று போயிருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் வணக்கம். குழுத் தலைவி என்ற முறையில் இதை நான் எழுதுகிறேன். என் மகளும் இங்கேதான் நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

கோத்தகிரிப் பக்கம் உள்ள நம் பள்ளியில் இப்போது 34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். 2022இல் வந்த தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. டீச்சர் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது மலர்ப் பிள்ளைகள் சும்மா இருக்கக்கூடாதே. அந்த இருபது நிமிஷத்துக்குத்தான் டேப். இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்தால் ஒருவர் படிக்க, ஒருவர் கேட்க, வகுப்பு அமைதியாக நகர்கிறது. வீட்டில் படுகு மொழி பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்தைத் திரும்பத் திரும்பக் காதால் கேட்பது எவ்வளவு உதவுகிறது என்று டீச்சர்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு நல்ல மனசுக்காரர் 20 டேப் வாங்கிக் கொடுத்தார். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வழிதான் நமக்குத் தெரியவில்லை. ஏப்ரல் கடைசியில் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். ஜூனில் பள்ளி திறந்து எடுத்தால் மூன்று டேப் உயிரோடு இல்லை. இந்த பேட்டரியை அடியோடு காலியாக விட்டு மாதக்கணக்கில் வைக்கவே கூடாதாம்; பாதி சார்ஜில் வைக்க வேண்டுமாம். இரண்டைக் கடைக்காரர் மீட்டுக் கொடுத்தார். மூன்றாவதில் பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்துவிட்டது. அதைத் தொடவே பயமாக இருந்தது. ஆக, கையில் இருப்பது 19.

இப்போது ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு நெயில் பாலிஷில் எண் போட்டிருக்கிறோம். 7ஆம் எண் என் மகளுக்கும் அவள் கூட்டாளிக்கும். யாருக்கு எந்த எண் என்று சுவரில் ஒட்டியிருப்பதால் ‘எனக்கு அது வேணும்’ என்ற சண்டை நின்றே போயிற்று. வாரம் ஒருவர் லீடர். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குவது அவர் பொறுப்பு. சிக்னல் நம்பும்படி இல்லாததால் டீச்சர்கள் வீட்டிலேயே தீக்ஷா என்ற அரசுப் பாடச் செயலியில் பாடங்களை இறக்கி, மெமரி கார்டில் கொண்டு வருகிறார்கள். மூடுபனி நாளில் பிள்ளைகளின் விரல் ஈரத்துக்குத் திரை சொன்னபடி கேட்காது. ஸ்வெட்டர் கையில் விரலையும் திரையையும் துடைத்துவிட்டு, ஃபூ என்று ஊதி, மறுபடி தொடுவார்கள். பார்க்கப் பார்க்க மனசு நிறையும்.

மிச்சம் இருக்கும் கஷ்டம் சார்ஜ் போடுவதுதான். அந்த அறையில் இருப்பது இரண்டே பிளக் பாயிண்ட். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ் என்று 19 சார்ஜரும் தரையில் கிடக்கின்றன. பிள்ளைகள் ஓடும் இடம் அது. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் புது டேப் கேட்கவில்லை. பூட்டுப் போட்ட, காற்று புகும் ஓட்டைகளும் தட்டுக்கு ஒரு பிளக் வரிசையும் உள்ள இரும்பு பீரோ ஒன்று, வெல்டிங் பட்டறையில் சொன்ன விலை 18,000 ரூபாய். இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் 24,000. எர்த்தோடு சரியான வயரிங் 5,000. தடித்த ரப்பர் உறையும் திரைக் கண்ணாடியும் டேப்புக்கு 450 வீதம் 8,550. ஹெட்போன் 300 வீதம் 5,700. மொத்தம் 61,250. இன்வெர்ட்டர் பெரிய செலவாகத் தெரியலாம். ஆனால் 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள டேப் 19ஐயும் ஒருமுறை நிரப்ப அரை யூனிட் கரண்ட் போதும். இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்திருந்தால் கரண்ட் இல்லாத நாட்களிலும் இரண்டு மூன்று முறை தாங்கும்.

பெற்றோர்கள் 14,250 ரூபாய் சேர்த்துவிட்டோம். பெரும்பாலும் தேயிலை பறித்த கூலியிலிருந்து வந்த பணம். இன்னும் 47,000 வேண்டும். 450 கொடுத்தால் ஒரு டேப்புக்கு உறை. 300 கொடுத்தால் ஒரு பிள்ளையின் காதுக்குப் பாடம். முடிந்ததைத் தாருங்கள், தொகை சிறிது என்று தயங்க வேண்டாம்.

பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். தனி ஆள் யாருடைய எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். கணக்கு விவரம் பள்ளித் தகவல் பலகையிலும் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. நேரில் தருபவர்கள் தலைமையாசிரியரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவை மாதாமாதம் குழுக் கூட்டத்தில் வாசிப்போம், பில்லோடு.

நம் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிய மழை. அதற்குள் பீரோவைச் சுவரோடு நிறுத்திவிட வேண்டும் என்பதால் புரட்டாசி முடிவதற்குள் அனுப்பினால் பட்டறைக்கு முன்பணம் கொடுத்துவிடுவோம்.

பள்ளி மேலாண்மைக் குழு