பார்த்ததை எழுது

அன்புள்ள கண்ணம்மா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து "நல்லா இருக்கேன்மா" என்ற ஒற்றை வரிதான் வருகிறது. வார்டு போஸ்டிங்கில் நேரம் இருக்காது, எனக்குத் தெரியாதா? 30 வருஷம் நானும் அந்த நர்ஸ் உடுப்பில் நின்றவள்தானே. சரி, நான் எதுவும் கேட்கவில்லை.

கடைசியாகப் பேசியபோது டிஸ்ஃபேசியாவும் டிஸ்ஃபேஜியாவும் குழம்புகிறது என்றாய், பாதியில் போனை வைத்துவிட்டாய். முதலாவது பேச்சு தடுமாறுவது, இரண்டாவது விழுங்கச் சிரமப்படுவது. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பேச்சுதான் வரவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். பெயர் நினைவுக்கு வராவிட்டால் பரவாயில்லை, "விழுங்கும்போது இருமுகிறார்" என்று பார்த்ததை எழுது.

தோலும் அப்படித்தான். ஆக்சிஜன் குறைந்து சயனோசிஸ் வந்தால் நீலம், அழுத்தப்புண்ணின் தொடக்கம் என்றால் சிவப்பு என்று புத்தகத்தில் இருக்கும். கறுத்த தோலில் அந்த நீலமும் சிவப்பும் லேசில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார். வெளுப்பு பார்க்கக் கீழ் இமையை இறக்கிப் பார். படுத்தே இருப்பவரின் இடுப்பைத் தொட்டுப் பார். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் எழுது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று வயதானவருக்கு டர்கர் (கிள்ளிய தோல் திரும்பும் வேகம்) பார்க்கப் புறங்கையைக் கிள்ளாதே, அங்கே தோல் எப்படியும் தளர்ந்திருக்கும். கழுத்தெலும்புக்குக் கீழே பார். பாட்டியின் கையைக் கிள்ளிவிட்டு, தோல் திரும்பவில்லையே என்று நீ அழுதது நினைவிருக்கிறதா? பத்து வயசு உனக்கு. இவள் இந்த வேலைக்குத்தான் போவாள் என்று அப்பா அன்றைக்கே சொன்னார். இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாப்பிடுகிறாயா? போட்டோவில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதுவும் தம்பி அனுப்பிய போட்டோ. எனக்கு ஒன்று அனுப்ப உனக்குத் தோன்றவில்லை.

நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்று அளக்கும் கோமா ஸ்கோர் மனப்பாடம் ஆகிவிட்டதா? கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழுசாக இருந்தால் 15. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1, அதனால் எதுவுமே இல்லாவிட்டாலும் 3. கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனட்டும் 1974-இல் அதைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஒருவர் 'மயக்கம்' என்று எழுதுவார், அடுத்தவர் 'அரை மயக்கம்' என்று எழுதுவார், நோயாளி தேறுகிறாரா மோசமாகிறாரா என்று படிப்பவருக்குப் புரியாது. மொத்தத்தை மட்டும் எழுதாதே, மூன்றையும் தனித்தனியாக எழுது. பதில் சொல்லாதவரைக் 'குழப்பம்' என்று எழுதும் முன், காதுக் கருவி மேஜையில் கிடக்கிறதா என்று பார். பியூப்பிலுக்கு, அதாவது கண்பாவைக்கு, டார்ச் அடித்துப் பார். முந்தின வரியைப் பார்த்து எழுதாதே. பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு நைட் ட்யூட்டி. தலையில் அடிபட்ட பையன், மணிக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கு அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனம் வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மணிக்கு எழுதியதையே மறுபடி எழுதினேன்: பாவை இரண்டும் சமம், 3 மி.மீ., வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது. நாலு மணிக்கு டார்ச் அடித்தால் வலது பாவை விரிந்து அப்படியே நின்றது. உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான், இடது கை மட்டும் முன்போல் ஆகவில்லை. சார்ட்டில் மூன்று மணிக்கு எதிரே என் கையெழுத்து. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, உன் அப்பாவிடம்கூட.

உன் ரூம்மேட்டின் அம்மா போன் செய்தார். வார்டில் ஏதோ நடந்தது என்றார், அதற்கு மேல் நான் அவரைச் சொல்ல விடவில்லை.

இப்போதும் எனக்கு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அம்மா