கர்ணன் எப்படி விழுகிறான் என்று அம்மப்பா கேட்கிறார்

மதிப்புக்குரிய திரையரங்கு முகாமையாளர் அவர்களுக்கு,

சென்ற சனிக்கிழமை மட்டக்களப்பில் உங்கள் அரங்கில் ‘தளபதி’ பட்ட பாட்டை நான் விவரிக்கத் தேவையில்லை. வாசலில் நின்று எங்களை வெளியே போகச் சொன்னவரே நீங்கள்தான். மூன்று மணி என்று போட்ட காட்சி நாலேகாலுக்குத் தொடங்கியது. ஆறேமுக்காலுக்குப் புதுப்படக் கூட்டம் நெருக்கவும், கடைசிப் பகுதியை விட்டுவிட்டு விளக்கைப் போட்டீர்கள்.

எனக்கு அதில் பெரிய நட்டமில்லை. படம் 1991 தீபாவளிக்கு வந்தபோது நான் பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அடுத்த வசனத்தைச் சொல்வேன். சூர்யாவாக ரஜினி திரையில் தோன்றியதும் கடதாசி கிழித்து எறிந்தவர்களில் நானும் ஒருத்தி. (அரங்கைக் கூட்டித் துடைத்த அம்மா மன்னிக்க வேண்டும்.) நான் எழுதுவது அம்மப்பாவுக்காக.

அவர் கன்னங்குடாப் பக்கத்து அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசான். ‘கர்ணன் போர்’ வடமோடிக் கூத்தைப் பழக்கியவர். இளவயதில் கர்ணனாகவே விடியவிடிய வட்டக்களரி என்ற வட்டமான கூத்து மேடையில் ஆடியவர். படமெல்லாம் வேண்டாம் என்றவரை, “இதுவும் உங்கள் கர்ணன்தான். ஆற்றில் விட்ட பேழைக்குப் பதில் சரக்கு ரயில், துரியோதனனுக்குப் பதில் தேவா” என்று ஆசைகாட்டி அழைத்து வந்தேன். முதல் அரைமணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தாய் மகனைத் தேடி வரும் கட்டத்தில் என் கையைப் பற்றிக்கொண்டார். குந்தி வரம் கேட்கும் பாட்டு அவர் வாய்க்குள் தானாக எழுந்தது. அந்த நேரம் பார்த்தா விளக்கைப் போடுவது?

கடைசி பஸ்ஸும் போய்விட்டது. யானை இறங்கும் நேரம் என்று முச்சக்கரவண்டிக்காரர்கள் தயங்கினார்கள். ஒருவர் இரட்டைக் கூலிக்கு இணங்கினார். வலையிறவுப் பாலம் தாண்டியதிலிருந்து அம்மப்பாவிடம் ஒரே கேள்வி: “கர்ணன் எப்படி விழுகிறான், மகள்?”

நான் என்ன சொல்வேன்? மணிரத்னத்தின் கர்ணன் விழுவதில்லை, விழுபவன் தேவா. அறுபது வருடமாகக் கர்ணனைச் சாகக் கொடுத்து அழுத மனிதர், அவன் பிழைப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். முச்சக்கரவண்டியில் நான் வாயால் சொல்லித் தீர்க்கிற சேதியா அது?

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. ஒரு காலைக் காட்சி, முழுமையாக.

“கூத்தைக் காப்போம்” என்று இந்த மாவட்டத்தில் நடக்காத கருத்தரங்கு இல்லை. அண்ணாவிமாருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து, பின்வரிசையில் இருத்தி, சோற்றுப் பொதியும் கொடுத்து அனுப்புவார்கள். அவர்கள் பாடத் தொடங்கினால் நேரமில்லை என்று துண்டுச் சீட்டு வரும். நீங்களாவது துண்டு அனுப்பாமல் நேரே விளக்கைப் போட்டீர்கள். அந்த நேர்மைக்கு நன்றி.

மன்னிக்கவும், கருத்தரங்குகளுக்கு நீங்கள் பொறுப்பல்ல. பணத்தைத் திருப்பித் தரும்படியும் நான் கேட்கவில்லை. காலைக் காட்சி என்றால் மத்தியான பஸ்ஸில் யானைப் பயமின்றி வீடு சேர்வோம். நடைபாதை ஓரத்து இருக்கை கிடைத்தால் அவருடைய முழங்காலுக்கும் உதவி. தொடங்குவது பிந்தினாலும் பரவாயில்லை, முடிவை மட்டும் வெட்டாதீர்கள். முழுமையாக, ஐயா.

கிழித்துத் தந்த பாதி டிக்கெட்டை அவர் தன் கூத்துக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார். அதைக் காட்டினால் உள்ளே விடுவார்களா என்று நேற்றும் கேட்டார்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு ரசிகை