கயலுக்கு: பழஞ்சீன நூல்களைப் படிக்கும் முறை

அன்பு மகள் கயலுக்கு,

இலக்கியம், மெய்யியல் இரண்டிலும் வகுப்பு எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. பெய்ஜிங்கில் அவை தனித்தனித் துறைகள். மெய்யியல் துறையில் கருத்தை விவாதிப்பார்கள். மூலத்தை வரிவரியாகப் படிக்கப் பழக்குவது சீனமொழித் துறைதான். எந்த வகுப்பை விட்டாலும் அங்கே நடக்கும் பழஞ்சீன வகுப்பை விடாதே.

எடுத்த எடுப்பில் தாவோயிச ஞானி ஜுவாங்ட்ஸ வேண்டாம். ஆசை இருக்கும், தெரியும். ஆனால் அவர் இலக்கணத்தை வளைத்து விளையாடுபவர். நேரான நடை கைவந்த பிறகுதான் அந்த விளையாட்டு பிடிபடும். கன்பூசிய மெய்யியலாளர் மென்சியஸின் நூலில் தொடங்கு. அதில் வாதம் படிப்படியாகப் போகும், வாக்கியமும் முழுசாக இருக்கும்.

பழைய மூலங்களில் நிறுத்தக்குறி கிடையாது; அச்சில் இருப்பவை இக்காலப் பதிப்பாசிரியர் போட்டவை. கன்பூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த லுன்யு நூலின் எட்டாம் இயலில் பத்தே எழுத்துள்ள ஒரு வரி உண்டு. வழக்கமான இடத்தில் நிறுத்தினால், "மக்களை ஒரு வழியில் நடக்கவைக்கலாம், அதை அறியவைக்க முடியாது" என்று வரும். நிறுத்தத்தை இரண்டு எழுத்து முன்னதாகவே போட்டால், "மக்கள் தகுதி பெற்றிருந்தால் அவர்கள் போக்கில் விடு, இல்லையென்றால் அறியச்செய்" என்றாகிவிடும். ஓர் அரசியல் கொள்கையே தலைகீழாகிறது! அதனால் தினமும் ஒரு பக்கத்தைக் குறியில்லாமல் கையால் எழுது. யே, யி, ஹு போன்ற அசைச்சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தை முடிப்பவை. முதலில் அவற்றைப் பென்சிலால் வட்டமிடு. பிறகு நீயே நிறுத்தம் போட்டு, ஜோங்ஹுவா பதிப்பகத்தின் அச்சுப் பதிப்போடு ஒப்பிடு. எங்கே வேறுபடுகிறதோ அங்கே மட்டும் உரையைப் பார்.

பழைய எழுத்துமுறையில் உள்ள பதிப்பையே வாங்கு. எளிதாக்கிய எழுத்தில் 'மேகம்' என்பதும் 'சொன்னார்' என்பதும் ஒரே வடிவம். பழம்பாட்டில் அது வீண் குழப்பம்.

உரை விஷயத்தில் அவசரப்படாதே. எல்லோரும் கையில் கொடுப்பது ஜூ ஷியின் உரை. அவர் 12ஆம் நூற்றாண்டுக்காரர். கன்பூசியஸுக்கும் அவருக்கும் இடையே 1,600 ஆண்டுகளுக்கு மேல். எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒழுங்கைக் குறிக்கும் தம் காலத்து 'லி' கோட்பாட்டை லுன்யுவுக்குள் ஏற்றிப் படித்தவர். 3ஆம் நூற்றாண்டில் ஹ யான் தொகுத்த உரையை முதலில் பார், பிறகு ஜூ ஷி. பரிமேலழகரை மட்டும் படித்துவிட்டு வள்ளுவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நீ துணியமாட்டாய் அல்லவா?

லாவோட்ஸவின் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் பற்றிக் கட்டுரை எழுதினால், மூலத்தின் எந்தப் பாடத்தை வைத்து எழுதுகிறாய் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடு. நாம் வழக்கமாகப் படிப்பது 3ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் வாங் பியின் உரையோடு வந்த 81 இயல். 1973இல் சீனாவின் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில் 'தே' (பண்பு) பகுதி முன்னால், 'தாவோ' (வழி) பகுதி பின்னால்; வழக்கமான பாடத்தில் இது நேர்மாறு. அந்தக் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. முதல் இயலில் வழக்கமான பாடம் 'சாங்' என்று சொல்லும் இடத்தில் பட்டுச் சுவடியில் 'ஹெங்' இருக்கிறது; இரண்டுக்கும் 'நிலையான' என்றே பொருள். ஹான் பேரரசர் வென்னின் இயற்பெயர் ஹெங்; அரசர் பெயரை எழுதக் கூடாது என்பதால் பின்னால் மாற்றிவிட்டார்கள். இயல் வரிசையையோ ஒரு தனிச் சொல்லையோ நம்பி வாதம் கட்டினால், இந்த இடத்தில்தான் அது சரியும்.

கவிதைக்குக் காதும் வேண்டும். தாங் காலக் கவிஞர் து ஃபூ 757இல், கலகக்காரர் பிடியில் இருந்த தலைநகர் சாங்ஆனில் பாடிய வசந்தப் பாட்டில் எட்டு வரி, வரிக்கு ஐந்தெழுத்து. இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பில் இயைபுகள் ஷென், ஷின், ஜின், ட்ஸான் என்று வரும். கடைசியில் இடறுகிறது. குறை கவிஞரிடம் இல்லை. அந்தக் காலத்தில் நான்கும் 'ம்' என்று முடிந்தவை. வடக்கத்திப் பேச்சில் அந்த ஒலி 'ன்' ஆகிவிட்டது. தென்சீன மொழியான கான்டனீஸ் பேசும் தோழி யாராவது இருந்தால் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேள், அதில் 'ம்' இன்னும் இருக்கிறது. வீட்டிலிருந்து வரும் கடிதம் பெரும்பொன் பெறும் என்ற வரியும் அதே பாட்டில்தான்.

முதல் வாரம் நீ நிறுத்தம் குறித்த பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. தப்பு இருந்தாலும் அழிக்காமல் அனுப்பு. எந்த அசையில் தடுமாறுகிறாய் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா