காவற்கொட்டிலின் குளிருக்குத் தடித்த அங்கி துணையாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்னியில் வயற்காவல் இருக்கும் கமக்காரர்களுக்காகத் தடித்த குளிரங்கிகளும் போர்வைகளும் சேகரிக்கப்படுவதாகத் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியைப் படித்தேன். மாரிமழையோடு விதைத்த காலபோக நெல், கதிர் தாளுக்குள் திரளும் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டது. இனி அறுவடை முடியும்வரை பன்றிக்கும் யானைக்கும் கண்விழித்திருக்க வேண்டிய எங்களை நினைத்துப் பார்த்தவர்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன். ஆயினும், முப்பது வருடங்களாகப் பரணில் இரவைக் கழித்து வருபவன் என்ற முறையில், தடித்த அங்கி எங்களைக் காப்பாற்றாது என்பதையும், சில வேளைகளில் அதுவே ஆபத்தாக முடியும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வன்னியின் குளிர் பனி உறையும் நாடுகளின் குளிரைப் போன்றதன்று. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 20 பாகை செல்சியஸை அண்டித்தான் நிற்கும்; எண்ணைப் பார்ப்பவருக்கு அது குளிராகவே தோன்றாது. ஆனால் அந்த இருபது பாகையில் மழையும் வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டால் என்ன நடக்கும் என்பதை 2022 மார்கழியில் கண்ணால் கண்டோம். மண்டூஸ் புயல் வங்கக் கடலால் கடந்துபோன அந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் வெட்டைவெளியில் நனைந்தபடி குளிரில் விறைத்து இறந்தன. பட்டிகளில் வரிசையாகக் கிடந்த கறவைப் பசுக்களைப் பார்த்தவர் எவரும், வன்னியிற் குளிர் உயிரை எடுக்காது என்று பிறகு சொல்லமாட்டார். தோலும் மயிரும் உள்ள மாட்டுக்கே அந்தக் கதியென்றால், நனைந்த சாரத்தோடு வரம்பில் நிற்கும் மனிதனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கடந்த தை மாதம் எங்கள் வயலில் நடந்ததைச் சொல்கிறேன். என் மைத்துனருக்கு ஓர் உதவி அமைப்பின் மூலம், பஞ்சு வைத்துத் தைத்த, முழங்கால்வரை நீளமான வெளிநாட்டு அங்கி ஒன்று கிடைத்திருந்தது. முன்னிரவில் பெய்த மழையில் அது நன்றாக ஊறிவிட்டது. கழற்றினால் இன்னும் குளிரும் என்று எண்ணி, அவர் அதைப் போட்டபடியே இருந்தார். சாமம் திரும்பி இரண்டு மணியளவில், வாய்க்காலடியில் தண்ணீர் மறிக்கப் போயிருந்தபோது, காட்டோரத்திலிருந்து ஒற்றை யானை வயலுக்குள் இறங்கியது. நான் பரணிலிருந்து டோர்ச் அடித்துக் கத்தினேன். அவர் ஓடிவந்து ஏணியில் கால் வைத்தார். மூன்றாம் படியில் அங்கியின் கீழ்ப்புறம் ஏணிக் கட்டையின் முளையில் கொளுவிக்கொண்டது. மேலே ஏறவும் இயலவில்லை, கையைப் பின்னால் விட்டு அதைக் கழற்றவும் இயலவில்லை. அந்தத் தடித்த கைகளுக்குள் அவருடைய முழங்கை மடியவில்லை. நான் கீழே இறங்கி இழுத்துக் கிழித்த பிறகே அவர் மேலே வந்தார். யானை எங்களை நோக்கி வராமல் வாழைப்பக்கம் திரும்பியது எங்கள் நல்ல காலம். விடிந்தபின் அந்த அங்கியை நெல் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம்: ஐந்து கிலோவுக்கு மேல் இருந்தது.

இந்தச் சம்பவத்தைக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் பெரியம்மாவின் மகனிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் உடனே தன் வேட்டைப் பழக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே இலையுதிர் காலத்தில், அனுமதிப்பத்திரம் பெற்று, வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டைக்குப் போவது சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வழக்கம். (எங்கள் நாட்டில் மானையோ மரையையோ வேட்டையாடுவது குற்றம், அதை எவரும் மறந்துவிடக்கூடாது.) விடியுமுன் மரத்தில் கட்டிய பரணில் ஏறி, பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் குளிரில் மணிக்கணக்காக அசையாமல் இருக்க வேண்டும். அசையாத உடம்பு சூட்டை உண்டாக்காது. இருந்தும் அவர்கள் தடித்த அங்கி போடுவதில்லை. நாணை இழுத்து விடும்போது அது வில்லைப் பிடித்த கையின் முன்னங்கையை ஒட்டிக்கொண்டு பாயும். அந்தக் கைச்சட்டை தடிப்பாக இருந்தால் நாண் அதில் உரசி, அம்பு இலக்கை விட்டு விலகிவிடும். அதனால் கையைச் சுற்றி மெல்லிய துணியும் அதன்மேல் ஒரு காப்புப் பட்டியுமே இருக்கும்; சூட்டைக் காக்கும் துணியெல்லாம் நெஞ்சையும் முதுகையும் மூடும் கையில்லாத மேற்சட்டையாக இருக்கும். அசையாமல் இருந்து காத்திருக்கவும் வேண்டும், ஒரு கணத்தில் கை தடையின்றி இயங்கவும் வேண்டும் என்ற அதே நெருக்கடிதான் எங்கள் காவலிலும் இருக்கிறது என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன்.

துணி தானாகச் சூடு தருவதில்லை. துணிக்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றே எங்கள் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் மறிக்கிறது. அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தித் துணி நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காய மறுக்கும். நாங்கள் காவலுக்கு அணிவதோ பருத்திப் பெனியன், பருத்திச் சாரம், கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துவாய். வீட்டிலிருந்து வயலுக்கு இரண்டு கட்டை தூரம், தோளில் தண்ணீர்ப் போத்தலும் யானையை விரட்டக் கொளுத்தும் வெடியும் சுமந்து சேற்றில் நடந்து போகும்போது, மழை பெய்யாவிட்டாலும் வியர்வையால் பெனியன் நனைந்துவிடுகிறது. பிறகு அதே பெனியனோடு விடியும்வரை இருக்கிறோம். நடுச்சாமத்துக்குப் பிறகு முதுகில் ஏறும் குளிர் பெரும்பாலும் எங்கள் சொந்த வியர்வையே என்பது எனக்கு ஐம்பது வயது கடந்த பிறகுதான் விளங்கியது.

ஒன்ராறியோ வேட்டைக்காரர் கடைப்பிடிக்கும் முதல் விதியும் இந்த வியர்வையைத் தவிர்ப்பதே. அவர்கள் சற்றுக் குளிரும்படியாகவே, குறைந்த உடையோடு மெதுவாகக் காட்டுக்குள் நடக்கிறார்கள். சூட்டுக்கான உடையை முதுகுப்பையில் கொண்டுபோய்ப் பரணடியில்தான் அணிகிறார்கள். இதை நாங்களும் செலவின்றிச் செய்யலாம். பரணுக்குப் போனதும் நனைந்ததைக் கழற்றி, துவாயால் உடம்பை அழுத்தித் துடைத்து, பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோன உலர்ந்த உள்ளுடையைப் போட்டுக்கொள்வதென்ற ஒரே பழக்கம், எத்தனை போர்வைகளாலும் தர முடியாத வித்தியாசத்தைத் தரும். நான் இரண்டு போகமாக இதைச் செய்து வருகிறேன். விடியற்புறத்தில் பல் கிட்டுவது நின்றுவிட்டது.

அந்த உள்ளுடைக்கு எங்கும் போகவும் வேண்டியதில்லை. வன்னியில் விளையாட்டுக் கழகம் இல்லாத ஊர் இல்லை. ஒவ்வொரு வீட்டுக் கொடியிலும் பழைய கரப்பந்தாட்ட அல்லது உதைபந்தாட்ட ஜேர்சி ஒன்றாவது தொங்கும். அவை பொலியெஸ்ரர் நூலால் ஆனவை. நீரைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் விரைவில் காய்ந்துவிடும். உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கும் நீளக்கை ஜேர்சி மிகவும் நல்லது. அதன்மேல் கம்பளியில் ஏதாவது ஒன்று வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் ஈரமாக உணரப்படாது. நனைந்தாலும் சூட்டை முற்றாகக் கைவிடாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பழைய கம்பளிச் சுவெற்றரின் கைகளை வெட்டிவிட்டு, வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்தால், வில் வேட்டைக்காரரின் மேற்சட்டை போலவே எங்களுக்கும் அமைந்துவிடுகிறது: நெஞ்சுக்குச் சூடு, கைக்குச் சுதந்திரம். எல்லாவற்றுக்கும் வெளியே, காற்றை மறிக்கும் மெல்லிய மழைச்சட்டை ஒன்று போதும். அது இடுப்போடு நிற்க வேண்டும். ஏணியில் கொளுவக்கூடிய பட்டியோ நாடாவோ அதில் இருக்கக்கூடாது. நடக்கும்போது உள்ளே வியர்க்காதபடி முன்புறத்தைத் திறந்துவிட வேண்டும்.

உடையைப் பற்றியே பேசி, இருக்கையை மறந்துவிடுகிறோம். ஈரப் பலகையிலோ வரம்பிலோ உட்கார்ந்தால், போர்த்திக் காத்த சூடெல்லாம் கீழ்வழியாக இறங்கிப்போகும். என் ஐயா சாக்குக்குள் உலர்ந்த வைக்கோலை அமுக்கி அடைத்து, வாயைத் தைத்து, அதன்மேல்தான் குந்துவார். கால்களை மாத்திரம் ஒருபோதும் சாக்குக்குள் விடமாட்டார், ஓட வேண்டி வரும் என்பதற்காக. எந்தப் படிப்பும் இல்லாமல் அவர் கண்டுகொண்டது அது. மணிக்கட்டில் குருதிக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுவதால், பழைய காலுறையின் நுனியை வெட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் விரல்கள் விறைப்பது குறைகிறது; வெடியின் திரியைப் பற்றவைக்க விரல் வேண்டும். சேற்றுக்குள் வந்த காலைத் துடைத்து உலர்ந்த காலுறை ஒன்றைப் போட வேண்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறைகளைத் திணித்தால் குருதியோட்டம் தடைப்பட்டு முன்னையிலும் மோசமாகக் குளிரும். தலைக்குத் தொப்பி நல்லதுதான், ஆனால் காதுகளைத் தடிப்பாக மூடிக்கொள்ளக்கூடாது. யானை அவ்வளவு பெரிய உருவமாக இருந்தும் நடக்கும் சத்தம் கேட்காது. ஒரு தடி முறிகிற ஓசை, நெற்தாள் உரசுகிற ஓசை, அதைக் கேட்டால்தான் உண்டு.

நெருப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பாலை மரக் குற்றி ஒன்றைக் கொழுத்திவிட்டால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். அது குளிருக்கும் காவலுக்கும் உதவும். ஆனால் வாடைக்காற்றுக்குப் பயந்து கொட்டிலின் நான்கு பக்கமும் தறப்பாளால் அடைத்துவிட்டு, உள்ளே தணற்சட்டி வைத்து உறங்குபவர்களை நான் கண்டிருக்கிறேன். தணலிலிருந்து வெளியேறும் காபன் ஓரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். பொலியெஸ்ரர் ஜேர்சியோடு தணலை நெருங்கவும் கூடாது, அது உருகித் தோலில் ஒட்டிவிடும். குளிருக்கு நல்லதென்று சாராயம் குடிப்பது இன்னொரு தவறு. அது தோலிலுள்ள குருதிக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கவேண்டிய சூட்டை வெளியே கொண்டுவருகிறது. உடம்பு சுடுவதுபோல் தோன்றும்போது உண்மையில் அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாகச் சீனி போட்ட தேநீரும் ஒரு கைப்பிடி வறுத்த கச்சானும் நடுச்சாமத்தில் எடுத்தால், அது செரிக்கும்போது உடம்புக்குள்ளேயே சூடு பிறக்கும்.

எங்கள் பகுதியில் இன்று காவலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். இளையவர்கள் தொழிலுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். கணவனை இழந்த பெண்கள் பிள்ளைகளை அயலில் விட்டுவிட்டுத் தாங்களே பரணில் இருப்பதையும் பார்க்கிறேன். உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவது மருத்துவ ஆபத்து. முதியவர்களுக்கும் நனைந்தவர்களுக்கும் அது உறைபனி இல்லாத இரவிலும் நிகழலாம். முதலில் நடுக்கம், பிறகு விரல் வழங்காமை, பிறகு நாக்குளறல், தடுமாற்றம். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், அவர் தேறிவிட்டார் என்று எண்ணாமல் உடனே நனைந்ததைக் கழற்றி, உலர்ந்ததால் சுற்றி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே உடை சேகரிக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். முழங்கால்வரை நீளும் பஞ்சு அங்கிகளைத் தவிர்த்து, நீளக்கைப் பொலியெஸ்ரர் உள்ளுடை இரண்டு, பழைய கம்பளிச் சுவெற்றர் ஒன்று, இடுப்பளவு மழைச்சட்டை ஒன்று, காலுறை இரண்டு சோடி, இவற்றை நீர் புகாத பையில் இட்டு ஒரு கமக்காரருக்கு ஒரு பையாகத் தாருங்கள். ஒரு தடித்த அங்கியை அனுப்பும் செலவைவிட இது அதிகமாகாது என்று நம்புகிறேன். கமநல சேவை நிலையங்கள் போகத் தொடக்கக் கூட்டங்களில் விதையையும் உரத்தையும் நீர்த் திறப்பையும் பற்றிப் பேசுவதோடு, கமக்கார அமைப்புகளின் ஊடாக இந்தக் காவற் பாதுகாப்பைப் பற்றியும் அரை மணி நேரம் பேசலாம். மழை, காற்று எச்சரிக்கை விடுக்கப்படும்போது, குளிரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து வானொலியில் அறிவிக்கலாம். 2022 இல் அப்படியொரு வரி கேட்டிருந்தால் பலர் தங்கள் மாடுகளை மறைவுக்கு ஓட்டியிருப்பார்கள்.

யானைவேலி எங்கள் வயலோரம்வரை வந்துசேரும் காலத்தில் இந்தக் காவலே தேவைப்படாமற் போகலாம். இந்த வருடம் அது வரவில்லை. மார்கழி பிறக்குமுன் பைகள் வந்துசேர்ந்தால், எங்கள் வயற்கண்டத்தில் காவலிருக்கும் ஒவ்வொருவரின் கையிலும் அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும், அணியும் முறையைச் சொல்லிக்கொடுப்பதையும் நானே பொறுப்பேற்றுச் செய்கிறேன்.

இங்ஙனம்,
கமக்காரன் ஒருவன்,
ஒட்டுசுட்டான்.