விரல் மரத்துப்போவதற்கு முன்னால்

கோத்தகிரி
கார்த்திகை 20

அன்புள்ள யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ கேப் டவுனில் அண்டார்டிகாவுக்குக் கப்பல் ஏறுவதற்குள் இது உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும்.

இங்கே தலைகுந்தாப் பக்கம் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. ஊட்டி பூங்காவில் வழக்கம்போல நாற்றுகளின் மேல் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிப்போட்டு மூடுகிறார்கள். இந்த மலையில் வளர்ந்ததால் குளிர் உனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தை நம்பிக் கடலில் இறங்காதே, கண்ணு. சூட்டைக் கடத்துவதில் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு. உப்புநீர் மைனஸ் 1.8 டிகிரிக்கு வந்தால்தான் உறையும். அங்கே நம் நாட்டு ஆய்வு நிலையமான பாரதியை ஒட்டிய கடல் ஏறக்குறைய அந்த அளவில்தான் கிடக்கும்.

அந்தத் தண்ணீரில் விழுந்த நொடியில் நெஞ்சு உன்னைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அப்போது வாய் நீருக்குள் இருந்தால் நன்றாக நீந்துகிறவர்கூட அங்கேயே மூழ்கிவிடுவார். லைஃப் ஜாக்கெட் போடச் சொல்வது முதலில் இதற்காகத்தான். முதல் ஒரு நிமிடம் வேறு எதுவும் செய்யாதே, மூச்சை மட்டும் அடக்கு. அடுத்த 10 நிமிடம்போலக் கைகால் சொன்னபடி கேட்கும். அதன்பின் விரல் மடங்காது. நினைவு தப்ப ஒரு மணி நேரம்போல ஆகும். விழுந்த ஐந்தாவது நிமிடமே ஆள் விறைத்துச் செத்துவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், விரல் போய், எறிந்த கயிற்றைப் பிடிக்க முடியாமல் போகிறவர்கள்தான் அதிகம். ஆகவே விரலால் செய்யவேண்டிய வேலை எதுவானாலும் முதலில் முடித்துவிடு.

அதில் தலையாயது இம்மர்ஷன் சூட் போடுவது, அதாவது தலைமுதல் கால்வரை மூடித் தண்ணீர் புகாமல் காக்கும் உடை. குளிர் தாங்கும் வகை சூட்டை 0 முதல் 2 டிகிரி தண்ணீரில் 6 மணி நேரம் வைத்துச் சோதிப்பார்கள். அதற்குள் உடம்புச் சூடு 2 டிகிரிக்கு மேல் இறங்கக்கூடாது. பிறர் உதவியில்லாமல் 2 நிமிடத்தில் போட்டுக்கொள்ளவும் முடிய வேண்டும். அந்த 2 நிமிடம் பழகிய கைக்கு மட்டும்தான் போதும். அதனால் கப்பல் ஏறிய அன்றே உன் சூட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்துப் பார். அளவு சரியா, தைத்த இடம் எங்காவது விட்டிருக்கிறதா, ஜிப் கழுத்துவரை தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார். பெரும்பாலும் காலை வாருவது ஜிப்தான். உப்புப் பூத்து இறுகிவிடும். கப்பலில் அதற்கென்று மெழுகு இருந்தால் அதையே தேய். இல்லாவிட்டால் இருக்கட்டும் என்று தேன்மெழுகுக் கட்டி ஒன்று பார்சலில் வைத்திருக்கிறேன்.

போடும்போது தரையில் உட்கார்ந்துகொள். உள்ளே கம்பளி இருக்கட்டும், பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்பின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். காலில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டால் சூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு இடது கையை நுழை, வலது கையால் தலைமூடியை இழுத்துப் போடு, அப்புறம் வலது கை. இந்த வரிசை மாறக்கூடாது. இரண்டு கையும் அந்தத் தடித்த கையுறைக்குள் போய்விட்டால் தலைமூடியைச் சரிசெய்ய முடியாது. பின்னலை முழுக்க உள்ளே தள்ளு. முகத்தைச் சுற்றியுள்ள ரப்பரில் நாலு முடி சிக்கினாலும் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். ஜிப்பைக் கடைசிவரை இழுப்பதற்கு முன் ஒருமுறை குந்தி உட்கார்ந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்று. காற்று காலில் தங்கினால் தண்ணீரில் கால் மேலே கிளம்பிவிடும், உடம்பை நிமிர்த்தப் போராடவேண்டி வரும்.

நனையாமல் ராஃப்டில் (காற்றடைத்த ரப்பர் உயிர்காப்புப் படகில்) ஏற வழியிருந்தால் எவ்வளவு நேரமானாலும் அந்த வழியே போ. ஏறியதும் கப்பலோடு கட்டிய கயிற்றை அறுத்து, கப்பலை விட்டு விலகி, சீ ஆங்கரை (ராஃப்ட் அடித்துப்போகாமல் தண்ணீருக்குள் இழுத்துப்பிடிக்கும் துணிப்பையை) விட்டு, வாசலை மூடுங்கள். உடனே துருத்தியால் அடித்தளத்துக்குக் காற்றடியுங்கள். பலர் அதை மறந்துவிட்டுப் பனித்தண்ணீரின் மேல் ஒரு ரப்பர் விரிப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பஞ்சால் தரையைத் துடையுங்கள். குமட்டல் வருவதற்கு முன்பே எல்லாரும் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வாந்தியில் உடம்பு நீரை இழக்கும்.

குளிருக்குப் பூட்டிய அறையில் கரியடுப்பை வைத்துத் தூங்கி எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றி நம் ஊரில் கேட்டிருக்கிறாய். அது கார்பன் மோனாக்சைடு, வேறு வாயு. ஆனால் மூடிய லைஃப்போட்டிலும் இதுபோன்ற ஆபத்து உண்டு: இத்தனை பேர் விடும் மூச்சே கரியமில வாயுவாகத் தேங்கும். தலை வலிக்கும், எல்லாரும் மந்தமாவார்கள். 2016-ல் நார்வேயின் ஸ்வால்பார்டுத் தீவுகளின் வடபகுதியில், பனிக்கடலில் ஆட்களை இறக்கி நடத்திய ஒத்திகையிலும் இந்தக் காற்றோட்டப் பிரச்சினை வந்தது. முறைவைத்துக் கதவைத் திறந்து மூடுங்கள், சூடு போனாலும் பரவாயில்லை.

உதவி எப்போது வரும் என்று கேட்பாய். 2007 நவம்பரில் எக்ஸ்புளோரர் கப்பல் அண்டார்டிகா தீபகற்பத்தருகே மூழ்கியபோது 154 பேரும் பிழைத்தார்கள். கடல் அமைதியாக இருந்தது, சில மணி நேரத்தில் வேறொரு கப்பல் வந்து சேர்ந்தது. நீ போகும் கிழக்குப் பகுதியில் அவ்வளவு கப்பல் கிடையாது. 2017 முதல் நடைமுறையில் உள்ள துருவக் கடல் விதி, மீட்புக்குக் குறைந்தது 5 நாள் கணக்கு வைக்கச் சொல்கிறது. ஆனால் சாதாரண ராஃப்ட் பொட்டலத்தில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் 10,000 கிலோஜூல் உணவும்தான் இருக்கும். அது 2,400 கலோரிக்குச் சற்றுக் குறைவு, அந்தக் குளிரில் ஒரு நாளைக்கே காணாது. துருவத்துக்கென்று தனிப் பொட்டலங்கள் எங்கே இருக்கின்றன, அவற்றை ராஃப்டுக்கு எடுத்துவரும் பொறுப்பு யாருடையது என்று முதல் ஒத்திகையிலேயே கேள். தண்ணீரை உடம்போடு ஒட்டி வை, உறையாது. பனியை அப்படியே தின்னாதே.

ஈப்பர்பை (இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக மீட்புக்காரர்களுக்குச் சொல்லும் கருவியை) கையோடு ராஃப்டுக்குக் கொண்டுவந்து கட்டிவிடுங்கள். அதன் பேட்டரி குறைந்தது 48 மணி நேரம் வரும். ஃப்ளேரை (அடையாளம் காட்டும் தீப்பந்தத்தை) கப்பலோ விமானமோ கண்ணில் பட்ட பிறகு கொளுத்துங்கள், அதுவும் காற்று போகும் பக்கமாகக் கையை வெளியே நீட்டி.

நீரிலிருந்து யாரையாவது தூக்கினால் படுத்தவாக்கில் தூக்குங்கள். அதுவரை கால்களை அழுத்திப் பிடித்திருந்த தண்ணீர் விலகியதும், நிமிர்ந்து நின்றால் ரத்தம் கீழே இறங்கி இதயம் நின்றுபோகக்கூடும். கரைசேர்ந்தும் நடக்கவிடாதீர்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள், மார்புக்கும் முதுகுக்கும் சூடு கொடுங்கள். நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று எண்ணிவிடாதே, பெரும்பாலும் நிலைமை மோசமாகிறது என்றுதான் அர்த்தம். மூச்சில்லாதவரையும் உடம்பு சூடாகும்வரை கைவிடாதீர்கள்.

பார்சலில் மெழுகோடு அம்மா பின்னிய கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இருக்கிறது. சூட் உனக்கு அளவாக இருக்கிறதா, ஜிப் எப்படி ஓடுகிறது என்று கப்பல் கிளம்புவதற்குள் இரண்டு வரி எழுது, தங்கம்.

அன்புடன்,
அப்பா