15 மீட்டர் என்று போட்டிருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கடலுக்கடியில் படம் எடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கடைசிப் பத்தியில், புதிதாகத் தொடங்குகிறவர்கள் 15 மீட்டர் வரை தண்ணீர் புகாத சின்னக் கேமரா ஒன்று வாங்கினாலே போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை நம்பி யாராவது கடையில் போய்ப் பணத்தைக் கட்டிவிடப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன். நான் புகைப்படக்காரன் இல்லை. புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, ஆறு வருடமாக ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்குவது, போகிறேன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு கேமராவைக் கடலுக்குக் காவு கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவம்தான் என் தகுதி.

முதலில் அந்த 15 மீட்டர் கணக்கு. ஸ்கூபாவில் ஆரம்பச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் முடித்தவர்கள் 18 மீட்டர் வரை இறங்கலாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீங்கள் ஒரு களவா மீனைப் படம் பிடிக்கப் பின்னாலேயே போகும்போது அது பாறைச் சரிவில் கீழே இறங்கும், நீங்களும் இறங்குவீர்கள், ஆழம் காட்டும் டைவ் கணினியைப் பார்க்கத் தோன்றாது. அப்புறம் பார்த்தால் 17 மீட்டர். பெட்டியில் அச்சடித்த எண், ரப்பர் சீல் புதிதாக, தூசியில்லாமல் இருக்கும்போது சொன்ன எண். இரண்டு வருடம் பையில் கிடந்து, பேட்டரி மூடியில் மணல் ஒட்டிய கேமராவுக்கு அது பொருந்தும் என்று நான் நம்ப மாட்டேன். மூச்சுக்குழாய் வைத்து மேல்மட்டத்தில் நீந்தும் ஸ்நார்க்லிங்குக்கு, குளத்துக்கு, பிள்ளைகளோடு நீச்சல் குளத்துக்குப் போக அந்தக் கேமரா தாராளமாகப் போதும். ஸ்கூபாவுக்கு அதோடு ஒரு ஹவுசிங், அதாவது கேமராவை உள்ளே வைத்து மூடும் தண்ணீர் புகாத கூடு, வேண்டும்.

சரி, எந்தக் கேமரா? கையில் குறைவான பணம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒலிம்பஸ் டஃப் வரிசையில் டிஜி-6. 2019இல் வந்தது. அந்த நிறுவனத்தின் கேமரா பிரிவு கைமாறி இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023இல் டிஜி-7 விட்டார்கள். இரண்டிலும் அதே 12 மெகாபிக்சல், மங்கிய வெளிச்சத்திலும் உதவும் அதே எஃப்2 லென்ஸ், இரண்டுக்கும் பிடி-059 என்கிற ஒரே ஹவுசிங் பொருந்தும், அது 45 மீட்டர் வரை தாங்கும். புதியதில் யூஎஸ்பி-சி வந்ததும் செங்குத்து வீடியோ வந்ததும் நிலத்தில் இருப்பவர்களுக்கு வசதி, தண்ணீருக்கு அடியில் படம் மாறிவிடாது. அதனால் நல்ல நிலையில் செகண்ட் ஹேண்ட் டிஜி-6 கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், மிச்சப் பணத்தை எங்கே போடுவது என்று கீழே சொல்கிறேன். 12 மெகாபிக்சல்தானா என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பிதுக்கட்டும். கலங்கல் தண்ணீரில் 12ம் ஒன்றுதான் 48ம் ஒன்றுதான்.

இந்தக் கேமராவை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. இதில் மைக்ரோஸ்கோப் என்று ஒரு முறை இருக்கிறது, லென்ஸ் முனையிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட ஃபோகஸ் செய்யும். எங்கள் புதுச்சேரிக் கடல் அந்தமான் கடல் இல்லை. பல நாள் பச்சையாகக் கலங்கிக் கிடக்கும், ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கும் நண்பனே நிழலாகத் தெரிவான். அப்படிப்பட்ட தண்ணீரில் அகலமான காட்சிக்கு ஆசைப்பட்டால் பச்சைச் சுவரைத்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள். ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை, இறால், பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் அஞ்சாலை மூஞ்சி இப்படி அரை அடிக்குள் வைத்து எடுக்கிற சங்கதிகள் மட்டும் பளிச்சென்று வரும். தூரம் குறையக் குறைய நடுவில் இருக்கும் தண்ணீரும் குறைகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

கோப்ரோ என்கிற குட்டி ஆக்ஷன் கேமரா வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அது நல்ல கருவி, வீடியோவுக்கு. ஹவுசிங் இல்லாமல் 10 மீட்டர், அதன் டைவ் ஹவுசிங்கில் 60 மீட்டர். ஆனால் ஃபோகஸ் நிலையானது, ஒரு அடிக்கும் கிட்டே போனால் மங்கிவிடும். கடல் குதிரையை எடுக்க முடியாது, கும்பலாகப் போகும் மீனை எடுக்கலாம். இன்னொரு பக்கம் சோனி ஆர்எக்ஸ்100, கேனன் ஜி7எக்ஸ் மாதிரி ஒரு அங்குல சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு, டிஜியில் இருப்பதை விடப் பெரியது) கேமராக்கள். படம் டிஜியை விட நன்றாகவே வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல நேரம் அவற்றின் ஹவுசிங் விலை கேமரா விலையை எட்டிப் பிடிக்கும், ஒரு மாடலுக்குச் செய்தது இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது. ஜி7எக்ஸ் இரண்டாம் பதிப்பின் ஹவுசிங்கில் மூன்றாம் பதிப்பு உட்காராது. எனவே கேமராவை வாங்கிவிட்டு ஹவுசிங் தேடாதீர்கள், ஹவுசிங் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுக் கேமரா வாங்குங்கள்.

இப்போது அந்த மிச்சப் பணம். அது விளக்குக்கு. உங்கள் கட்டுரையில் விளக்கு என்ற சொல்லே இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை, ஐந்து மீட்டருக்குள்ளேயே அது மங்கத் தொடங்கிவிடும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள். ஆழத்தில் விரலில் கீறல் பட்டு ரத்தம் வந்தால் பச்சையாகத் தெரியும், நானே பார்த்திருக்கிறேன், முதல் தடவை வயிற்றைக் கலக்கியது. கேமராவில் இருக்கும் ‘அண்டர்வாட்டர்’ ஒயிட் பேலன்ஸ் என்கிற நிறம் சரிசெய்யும் அமைப்பு கொஞ்சம் சரிசெய்யும், சுருக்காமல் பதிவாகும் ரா ஃபைலில் எடுத்தால் வீட்டில் இன்னும் கொஞ்சம் திருத்தலாம், ஆனால் இல்லாத சிவப்பை எந்த மென்பொருளும் முழுதாகக் கொண்டுவராது. கையிலேயே வெளிச்சம் கொண்டுபோனால்தான் உண்டு.

கேமராவின் சொந்த ஃபிளாஷை நம்பலாமா என்றால், லென்சுக்குப் பக்கத்திலிருந்தே அடிப்பதால் நடுவில் மிதக்கும் துகள் எல்லாம் மின்னி, படம் முழுக்கக் கோலமாவைத் தூவியது போல ஆகிவிடும். விளக்கை ஒரு கைப்பிடியில் மாட்டிப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் பாதித் தொல்லை தீரும். ஸ்ட்ரோப் (படம் எடுக்கும் கணத்தில் மட்டும் பளிச்சென்று அடிக்கும் தனி ஃபிளாஷ்) வாங்குவதா, தொடர்ந்து எரியும் வீடியோ லைட் வாங்குவதா என்று டைவர்கள் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். அசையும் மீனை உறைய வைக்க ஸ்ட்ரோப்தான் மேல். ஆனாலும் முதல் விளக்காக நான் அகலமான ஒளி தரும் வீடியோ லைட்டைத்தான் சொல்வேன், என்ன விழுகிறது என்று படம் எடுக்கும் முன்பே கண்ணுக்குத் தெரியும், கேமரா ஃபோகஸ் பிடிக்கவும் அதே வெளிச்சம் உதவும். குறுகலாக அடிக்கும் சாதாரண டைவ் டார்ச் வேண்டாம், நடுவில் வெள்ளை வட்டமும் ஓரத்தில் இருட்டுமாக வரும். இணையத்தில் மலிவு விளக்குகளில் எழுதியிருக்கும் லூமென் கணக்கை, அதாவது வெளிச்சத்தின் அளவை, அப்படியே நம்பவும் வேண்டாம். லென்சுக்கு முன்னால் மாட்டும் சிவப்பு ஃபில்டர் பற்றியும் கேட்பார்கள். வெயில் இருக்கும் நீலத் தண்ணீரில் சரி, எங்கள் பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா ஃபில்டர்தான் ஒத்துவரும், விளக்குப் போட்டால் எந்த ஃபில்டரும் கூடாது.

காவு கொடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு அங்குல சென்சார் கேமரா, பழையது, ஆசையாக வாங்கியது. படகில் அவசரத்தில் துண்டால் கையைத் துடைத்துவிட்டு ஹவுசிங்கை மூடினேன். துண்டின் ஒரு நூல் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் படிந்ததைக் கவனிக்கவில்லை. 9 மீட்டரில் கண்ணாடிக்குள் சின்னதாகக் குமிழி ஆடியது, மேலே வருவதற்குள் பாதி நிரம்பிவிட்டது. உப்புத் தண்ணீர் பட்ட கேமராவை ஆன் செய்து பார்க்கக் கூடாது, பேட்டரியை உடனே எடுக்க வேண்டும். நான் ஆன் செய்து பார்த்தேன். அடுத்த வருடம் என் நண்பனுக்கும் இதேதான் நடந்தது, ஆனால் அவனுடையது டிஜி. ஹவுசிங்கில் தண்ணீர் புகுந்தும் கேமரா தானே 15 மீட்டர் தாங்கும் என்பதால் நல்ல தண்ணீரில் அலசி மறுநாளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அந்த 15 மீட்டர் என்பதை நான் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன், ஹவுசிங் ஏமாற்றினால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு.

இன்னொன்று, இது பலருக்குப் பிடிக்காது. முதல் இருபது டைவ் வரைக்கும் கேமராவே வேண்டாம். மிதப்பு கைவராதவர் படம் எடுக்கிற ஆர்வத்தில் துடுப்பால் பவளத்தை உதைப்பார், மூச்சுக் காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மறப்பார். அதற்குள் ஆசை தாங்கவில்லையென்றால் டைவ் கடைகள் சிலவற்றில் கேமரா வாடகைக்குக் கிடைக்கும், இரண்டு நாள் எடுத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு, கேமராவை உள்ளே வைக்காமல் ஹவுசிங்குக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்துப் போட்டு மூடி, முதலில் வீட்டு வாளியில், அப்புறம் ஒரு டைவில் கூட்டிப் போய்விட்டு வாருங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் அடுத்த டைவுக்குக் கேமரா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி.